பாசி தேய்த்த வழக்கு

ஜன்னலைச் சாத்தாதீர்கள் சார். இன்னும் நாலு நிறுத்தம் இருக்கிறது. கர்ச்சீப்பையும் இப்போதே மூக்கில் வைக்க வேண்டாம். நாற்றம் எந்த மைல்கல்லில் ஏறும், எந்தப் புளியமரத்தில் இறங்கும் என்று எனக்குத் தெரியும். நேரம் வரும்போது நானே சொல்கிறேன். போன வருஷம் வரைக்கும் கண்டக்டரே குரல் கொடுப்பார், 'கிடங்கு வருது, கிடங்கு வருது, கண்ணாடியை இறக்கு' என்று. இப்போது கொடுப்பதில்லை. நீங்கள் இந்தத் தடத்துக்குப் புதிது, உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. மடியில் ஸ்வீட் பெட்டி, நிச்சயதார்த்தமாக இருக்கும். கேட்கக் கூடாது. பெட்டியை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள், வெயில் படுகிறது. ஓட்டல் சோதனையும் கொஞ்ச காலம் என்னிடம் இருந்தது, அதனால் சொல்கிறேன்.

என் பெயர் சபாநாயகம். இந்த நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டர். என் பேச்சு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். எழுதி எழுதி வாயும் பழகிவிட்டது, என்ன செய்ய. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. இன்னும் ஒன்பது நாள். மாலை, சால்வை, அலுவலக வண்டியில் வீடு வரைக்கும் ஊர்வலம், எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி. என் மேல் ஒரு மெமோ இருக்கிறது. அது முடியாவிட்டால் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு 'ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை' என்று ஒரு காகிதம் வரும். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அந்தக் காகிதத்தை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் அதற்கப்புறம் எட்டு வருஷம் ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. மாலை மட்டும் இருந்தது.

குற்றம் என்ன தெரியுமா? சுத்தம் செய்தது. சிரிக்காதீர்கள். தொட்டியில் இருந்த பாசியைத் தேய்த்துக் கழுவினேன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருவன் பாசியைத் தேய்த்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டது இந்த மாநிலத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். இன்றைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. அலுவலகத்தில் வைக்கவில்லை, கிடங்கிலேயே வைத்திருக்கிறார்கள். விசாரணை அதிகாரி இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நேரம் இருக்கிறது. இந்த பஸ் எப்படியும் ரயில்வே கேட்டில் நிற்கும்.

ஆவாரம்மேடு கிடங்கில் நாற்பது வருஷக் குப்பை. அதன் மேல் மழை பெய்தால் உள்ளே இறங்கி, ஊறி, அடியில் கறுப்பாக ஒரு தண்ணீர் வரும். கோப்பில் அதற்குக் கசிவுநீர் என்று பெயர். அங்கே வேலை பார்க்கிற பூங்காவனம் அதைக் கஷாயம் என்பாள். கோப்பை விட அவள் சொல்வதே பொருத்தம் என்று எனக்கும் தோன்றும், ஆனால் எழுத முடியாது. அந்தக் கஷாயம் சரிவில் இறங்கி, கீழே கன்னியப்பன் என்பவரின் கிணற்றில் எட்டு வருஷமாகக் கலக்கிறது. கிணறு அவருடையது. அதில் குடித்தது பூங்காவனத்தின் தெரு முழுக்க. இப்போது அந்தத் தெருவுக்கு வாரம் இரண்டு தடவை லாரித் தண்ணீர்.

கன்னியப்பன் ஒவ்வொரு குறைதீர்க்கும் நாளிலும் வருவார். மனு கொண்டு வர மாட்டார். ஒரு கண்ணாடி பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தேநீர் நிறம். ஒரு தடவை புது அட்டெண்டர் ஒருவன் அதை டம்ளரில் ஊற்றி கமிஷனர் முன்னால் வைத்தேவிட்டான். கமிஷனர் கை வைக்கப் போகும்போது கன்னியப்பன் சொன்னார், "குடிங்க சார். நாங்க குடிச்சதுதான்." அன்றிலிருந்துதான் ஏதாவது செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் ஓர் அவசரம் வந்தது.

அப்படி வந்தவர்தான் டாக்டர் ஜெனிட்டா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்த டாக்டர். கல்லூரியில் ஆராய்ச்சி. முப்பது வயசுக்கு மேல் இருக்காது. பாசியை வளர்த்து அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு திட்ட அறிக்கை கொடுத்தார். நுண்பாசி. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் பச்சையாகத் தெரியும். அந்தத் தண்ணீரில் இருக்கிற அம்மோனியாவை எல்லாம் அது தின்று, வெயிலைக் குடித்து, பெருகுமாம். நகராட்சியில் அந்த நாற்பது பக்கத்தையும் படித்த ஒரே ஆள் நான்தான் சார். படித்தது மட்டுமில்லை, எட்டு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியும் கொடுத்தேன். அந்த அம்மா நன்றி சொன்னார். பிறகு இதுவே எனக்கு எதிராக வந்தது. 'அறிக்கையை முழுமையாகப் படித்தறிந்திருந்தும்' என்று மெமோவில் ஒரு வரி. படிக்காதவர்களுக்கு மெமோ இல்லை, கவனியுங்கள்.

கிடங்கின் வாசலில் மூன்று சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். பாசியை எங்கிருந்தோ வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார் என்று நினைத்தேன். அந்த அம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு கிடங்கையே சுற்றி வந்து, ஒரு மூலையில் இருந்த குட்டையிலிருந்து எடுத்தார். "இதுதான் சார் கெட்டிக்காரப் பாசி. இவ்வளவு விஷத்துல தானாவே பொழச்சிருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் எல்லையில் ஒரு குட்டை தேங்கியிருக்கிறது என்று பத்து பேர் நடுவில் சொன்ன மாதிரியும் ஆயிற்று. எழுத்தில் கொடுத்திருந்தால் அன்றைக்கே மண் அடித்து மூடியிருப்பேன்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளப் பூங்காவனத்தைப் போட்டார்கள். ஒரு பங்கு கஷாயத்துக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர், அப்புறம் எட்டு, அப்புறம் ஏழு. கைக்குழந்தைக்குச் சோறு பழக்குகிற மாதிரி. மணிக்கு ஒரு தரம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் படிந்து சாகும். முதல் தடவை எல்லாம் செத்துப்போயிற்று. டாக்டர் அம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதார். பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்து, "இட்லி மாவே ஒரு நாள் பொங்கறதில்ல, இது கஷாயம். நாளைக்கு வேற போடுங்க" என்றாள். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. மாசி மாதத்தில் மூன்று தொட்டியும் கரும்பச்சை. விளிம்பெல்லாம் வழுவழு. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை அரிக்கும்.

உங்களுக்குப் புரியாது. முப்பத்தொரு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தவன் நான். பாசி இருந்தால் நோட்டீஸ். நான் வருகிறேன் என்று தெரிந்தால் தெருவில் பெண்கள் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்குவார்கள். எனக்கு அது ஒரு கௌரவம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசி கேட்காமல் வருவது. எவ்வளவு தேய்த்தாலும் பத்தாம் நாள் வந்து நிற்கும். யாராவது வளர்த்தால்தான் வருகிற ஒரு பாசி உலகத்தில் இருக்கும் என்று நாற்பது பக்கம் படித்தும் எனக்கு ஏறவில்லை.

கேட் போட்டுவிட்டான். சொன்னேன் அல்லவா? இனி பத்து நிமிஷம்.

மாசி கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. தலைமைப் பொறியாளர், அவரோடு நாலு பேர். திங்கட்கிழமை காலை பத்து மணி. தொட்டிகளைப் பார்த்துத் திருப்தியானால், கிடங்கின் அடிவாரத்தில் பெரிய குளமாகவே வெட்டி மொத்தக் கசிவுநீரையும் பாசியிடம் விடலாம். இல்லையென்றால் திட்டம் முடிந்தது, தொட்டியை இடித்துவிடலாம், கன்னியப்பன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரலாம்.

வருகை ஏற்பாடு என் பொறுப்பு. இதில் நான் கொஞ்சம் பெருமை பேசலாம். பெரியவர்கள் வரும்போது சாலையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவோம், பார்த்திருப்பீர்கள். மற்ற ஊர்களில் போடுவதைப் பாருங்கள், கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் நூல் கட்டிப் போடுவேன். சல்லடையை இரண்டு விரலில் பிடித்து, நூலை ஒட்டியே நடந்தால், நாலு அங்குல அகலத்தில் அடித்து வைத்த மாதிரி விழும். கோட்டு இன்ஸ்பெக்டர் என்றே எனக்குப் பெயர். அந்த நூல்கண்டு இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. ஒரு புதுக் கமிஷனர், சின்ன வயசு, கேட்டார்: "இந்தக் கோட்டினால எந்தக் கிருமி சாகுது?" நான் சொன்னேன், "சார், இது கிருமிக்காகப் போடுவதில்லை. வருகிறவருக்காகப் போடுவது." அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோடெல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். வாசலில் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று கோடு, நடுவில் மூன்று தொட்டி, பச்சைப் பாசி. எனக்கு அவமானமாக இருந்தது சார். பாசிதான் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் சமையற்கட்டையா திறந்து காட்டுவீர்கள்? பந்தியைத்தானே காட்ட வேண்டும்? பாசி வேலை முடித்தால் தெளிந்த தண்ணீர் வரும் என்று அறிக்கையே சொல்கிறது. அந்தத் தெளிந்த தண்ணீரைக் காட்டிவிட்டால் போகிறது. பாசி அப்புறம் தானாக வரும். அப்படி நினைத்தேன்.

டாக்டர் அம்மா ஊரில் இல்லை. சோதனைக் கருவி எடுத்துவரக் கல்லூரிக்குப் போயிருந்தார். பூங்காவனத்தைக் கூப்பிட்டேன்.

"மூணு தொட்டியையும் காலி பண்ணும்மா."

"ஐயா?"

"காலி பண்ணி, பிளீச்சிங் போட்டுத் தேய். பின்னாலேயே லாரி வருது, நல்ல தண்ணி ரொப்பு."

"டாக்டரம்மா வரட்டும் ஐயா. ஒரு போன் போட்டுக்கறேன்." போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். "இது அவங்க வளத்தது ஐயா. ஒரு மாசம் நானும் கலக்கியிருக்கேன்."

"உனக்குச் சம்பளச் சீட்டில் கையெழுத்து நான் போடுறேனா, டாக்டரம்மா போடுறாங்களா?"

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்தப் பச்சைத் தண்ணிய எங்க ஊத்தறது?" என்று கேட்டாள்.

"எங்கேயாவது ஊத்து. என் கண்ணில் படாத இடத்தில் ஊத்து."

இதுதான் சார் நான் சொன்ன வாக்கியம். இந்த வாக்கியத்தை வைத்துத்தான் இன்றைக்கு எல்லாம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளும் இன்னும் இரண்டு பெண்களும் குடம் குடமாகக் கிடங்குக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வரைக்கும் போனார்கள். கால்வாயில் கவிழ்த்தால் ஐந்து நிமிஷ வேலை, இதற்கு ஏன் இவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணில் படக்கூடாது என்று நான் சொன்னதை மதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நன்றாக வேலை செய்கிறவர்களைப் பாராட்ட வேண்டும் என்று மூன்று பேருக்கும் டீ சொன்னேன். பிறகு தொட்டியைத் தேய்த்தோம். நானே மேற்பார்வை. மூலையில் விரலை விட்டுப் பார்த்தேன், வழுக்கவில்லை. லாரித் தண்ணீர் நிரப்பினோம். அன்றைக்கு அந்த லாரி பூங்காவனம் தெருவின் முறைதான். ஒரு நாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா? ஊருக்கு ஒரு நல்லது வரும்போது எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை. பத்து என்றால் பதினொன்றரைக்கு வந்தார்கள். டாக்டர் அம்மாவும் அவர்கள் வண்டியிலேயே வந்தார், வழியெல்லாம் விளக்கிச் சொல்லிக்கொண்டு வந்திருப்பார் போல. கன்னியப்பனும் வந்து பாட்டிலோடு ஓர் ஓரமாக நின்றார். வண்டியை விட்டு இறங்கிய தலைமைப் பொறியாளர் முதலில் கோட்டைப் பார்த்தார். பார்த்தார் சார், நான் கவனித்தேன். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"அட! நீச்சல் குளம் மாதிரி இருக்கே!"

கமிஷனர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கமிஷனர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். கூட வந்தவர்களில் ஒருவர் கன்னியப்பனின் பாட்டிலை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, "இது அதுவா மாறிடுச்சா?" என்று கேட்டார். இன்னொருவர் போட்டோ எடுத்தார். தலைமைப் பொறியாளர் கமிஷனரிடம், "இதுக்கு மேல என்ன பாக்கறது? எழுதிடலாமே" என்றார். எழுதிடலாமே என்றார் சார். என் காதால் கேட்டேன். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

டாக்டர் அம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், பேசாதேம்மா, நடக்கிறது, பேசாதே என்று. ஒரே ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். கையெழுத்து விழுந்திருக்கும். குளம் வந்திருக்கும். எனக்கும் மெமோ இல்லை, அவருக்கும் தலைகுனிவு இல்லை. யாருக்கு நஷ்டம்?

"சார், இது லாரித் தண்ணி" என்றார்.

"என்ன?"

"இதுல பாசி இல்ல சார். பிளீச்சிங் போட்டுக் கழுவியிருக்காங்க. நான் வளத்தது எதுவும் இதுல இல்ல. இதப் பாத்து நீங்க கையெழுத்து போடக் கூடாது."

இதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. படித்த பெண், சமயம் தெரிய வேண்டாமா? உண்மை எங்கே ஓடிப்போகிறது, சாயங்காலம் சொல்லக் கூடாதா? இருபது பேருக்கு நடுவில் ஒரு மனிதனின் முப்பத்தொரு வருஷத்தை ஒரே வார்த்தையில் உடைப்பதா? பேனா மூடிக்கொண்டது. கமிஷனர் முகம் எப்படி ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. தலைமைப் பொறியாளர், "அப்ப எங்களுக்குக் காட்ட உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பூங்காவனம் பின்னாலிருந்து, "ஃப்ரிட்ஜ்ல இருக்குதுங்க" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேங்க. வாங்க."

பைலட் வண்டி மாதிரி முன்னால் நடந்தாள். அவ்வளவு பெரிய மனிதர்கள் பளபள ஷூவோடு குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். அந்தப் பக்கம் நான் கோடே போடவில்லை. போய்ப் பார்த்தால், ஊரில் செத்த ஃப்ரிட்ஜ் எல்லாம் கடைசியில் இங்கேதானே வரும், கதவையும் மோட்டாரையும் காயலான்கடைக்காரர்கள் கழற்றிக்கொண்டு போனபின் வெறும் கூடு மட்டும் கிடக்கும். அதில் ஏழு கூட்டை மல்லாக்கப் படுக்கவைத்து, ஓட்டையெல்லாம் ரப்பர் செருப்பைக் கிழித்து அடைத்து, ஏழிலும் பச்சைத் தண்ணீர். உள்ளே வெள்ளை, நடுவில் பச்சை, மேலே மத்தியான வெயில். ராத்திரியெல்லாம் முறை வைத்து வந்து கலக்கியிருக்கிறார்கள். நாங்கள் போகும்போதும் ஒருத்தி விளக்குமாற்றுக் கம்பால் கலக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"தயிருக்கு உறை எடுத்து வெக்க மாட்டமாங்க? மொத்தமும் வழிச்சு ஊத்திட்டா மறுநாளைக்கு என்ன பண்றது?" என்றாள் பூங்காவனம், தலைமைப் பொறியாளரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி.

டாக்டர் அம்மா முதல் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கருவியைத் திறந்து, மூன்று கண்ணாடிக் குழாயில் மூன்று தண்ணீர் எடுத்தார். கஷாயம் ஒன்று, கஷாயத்தில் நல்ல தண்ணீர் கலந்து, பாசியிடம் விடாதது ஒன்று, ஃப்ரிட்ஜில் இருந்ததை வடிகட்டியது ஒன்று. மூன்றிலும் மருந்துத் துளி விட்டார், அம்மோனியா எவ்வளவோ அவ்வளவு நிறம் ஏறுமாம். முதல் குழாய் செங்கல் நிறமாயிற்று. இரண்டாவது நல்ல மஞ்சள். மூன்றாவது கொஞ்சமாக, எலுமிச்சை பிழிந்த தண்ணீர் அளவுக்குத்தான் மாறியது. கன்னியப்பன் கிட்டே வந்து, "என்னதையும் போடும்மா" என்று பாட்டிலை நீட்டினார்.

குழு அங்கேயே, ஒரு செத்த வாஷிங் மெஷின் மேல் வைத்து, கையெழுத்துப் போட்டது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கடமையைச் செய்தேன். அன்று சாயங்காலமே பூங்காவனத்துக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தேன். 'கைவிடப்பட்ட திறந்த கலன்கள் ஏழில் நீரைத் தேக்கிவைத்துக் கொசு உற்பத்திக்கு வழிவகுத்தமை.' ஏழு என்று எண்ணியே எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "இத நான் வெச்சுக்கணுமா, இல்ல ஃப்ரிட்ஜ் மேல ஒட்டணுமா ஐயா?" என்று கேட்டாள். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மறுநாள் எனக்கு மெமோ வந்தது. அதற்கும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

கேட் திறந்துவிட்டான். இனி மூன்று நிறுத்தம்.

ஆடியில் குளம் முடிந்தது. நீளக் குளம், நடுவில் சக்கரம் சுற்றுகிறது, இப்போது கம்பால் கலக்க வேண்டாம். பூங்காவனம்தான் அதற்கு மேற்பார்வை. கிணறு இன்னும் தெளியவில்லை. புதிதாகக் கஷாயம் இறங்குவது நின்றாலும், ஊறினது போக வருஷங்கள் ஆகும் என்கிறார் டாக்டர் அம்மா. கன்னியப்பன் இன்னும் பாட்டில் கொண்டு வருகிறார். இப்போது பழைய பாட்டிலையும் பக்கத்தில் வைக்கிறார். பழையது டிகாஷன், புதியது பால் சேர்த்த மாதிரி என்று அவரே சொல்கிறார். பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறது.

எனக்கு ஓய்வு வரைக்கும் ஒரு தனிப்பணி. பாசியைப் பாதுகாப்பது. கமிஷனர் ஆணையில் அப்படியே எழுதியிருக்கிறார், சிரிக்காமல் எழுதியிருக்க மாட்டார். குளத்தைச் சுற்றி நூறு அடிக்குள் பிளீச்சிங் பவுடர் வரக்கூடாது, எல்லையைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். எதனால் போடுவது? பிளீச்சிங்கால் போட முடியாதே. செங்காவியால் போடுகிறேன். நூல் கட்டித்தான். மழையில் கரையும், மறுபடி போடுவேன். குளத்துப் பக்கமே போவதில்லை. கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவேன். எப்போதாவது, சக்கரம் சுற்றுகிற சத்தம் நின்ற மாதிரி இருந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பேன். நின்றால் அடியில் படிந்துவிடும் சார், இரண்டு மணி நேரம் தாங்காது. போன வாரம் கரண்ட் போயிற்று. வேறு யாரும் இல்லை. கம்பை எடுத்து நான்தான் கலக்கினேன். அது ஆணையில் இல்லாத வேலை, அதனால் எங்கும் எழுதவில்லை.

நேற்று பூங்காவனம் என்னிடம் வந்தாள். அவள்தான் இன்றைக்கு முதல் சாட்சி.

"ஐயா, நாளைக்குக் கேப்பாங்க. ஐயா அழிக்கச் சொன்னாரான்னு கேப்பாங்க. கண்ணுல படாத இடத்துல ஊத்துன்னு நீங்க சொன்னீங்க இல்ல? பத்திரமா மாத்தி வெக்கச் சொன்னாருன்னு சொல்லிடறேன். முழுப் பொய்யும் இல்ல."

"உனக்கெதுக்கும்மா?" என்றேன். "உன் தெரு லாரியை நான் எடுத்தேன். உனக்கு நோட்டீஸ் கொடுத்தேன்."

"அடுத்து யாரு வருவாங்களோ. நீங்க நல்லபடியாப் போனாத்தான் அவருக்கு முதல்லேருந்து சொல்லித் தருவீங்க. உங்களுக்காவது இப்பத் தெரியும். சொல்லிடவா? ஒரே வார்த்தைதானே ஐயா."

யோசித்துப் பாருங்கள் சார். அவள் அப்படிச் சொன்னால் மெமோ அங்கேயே முடிந்தது. டாக்டர் அம்மாவும் மறுக்க மாட்டார், அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை, சால்வை, வண்டி. ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? சபாநாயகம் பாசித் தண்ணீரைத் திறந்த கலத்தில் பிடித்துவைக்கச் சொன்னான் என்று பதிவாகும். எத்தனை வீட்டுக்கு அதற்காக நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்! தவிரவும், அந்தத் தொட்டியில் நான் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு துளி வழுக்கவில்லை. அப்படித் தேய்த்துவிட்டு, பத்திரமாக வைக்கச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

"வேண்டாம். கேட்டதுக்கு நடந்ததைச் சொல்" என்றேன்.

"என்ன ஐயா நீங்க, வாய மூடிக்கிட்டு இருந்தா முடிஞ்சுது" என்றாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

விளக்கக் கடிதம் எழுதிவிட்டேன். இதோ. நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சின்னதுதான். முதலில் பதினாலு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். 'மேற்படி நாளில் மேற்படி தொட்டிகளை என் உத்தரவின் பேரிலேயே தேய்த்துக் கழுவினார்கள். நீரைப் பாதுகாத்தது பூங்காவனம். நான் அல்ல.' அவ்வளவுதான். கீழே கையெழுத்து, தேதி. இதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது நாள்தான் பாக்கி இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்த அம்மா மாதிரி சமயம் தெரியாமல் நாலு பேர் நடுவில் போட்டு உடைக்கிற ஆள் இல்லை நான். முறையாக, எழுத்தில் கொடுக்கிறேன்.

இதுதான் மைல்கல். இப்போது கர்ச்சீப்பை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? ஆமாம், முன்னைக்கு இப்போது பாதிதான். நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது. கொஞ்சம் காலை நகர்த்துங்கள். கண்டக்டர், கிடங்கு!

ஒரு சின்ன உதவி சார். பஸ் கிளம்பியதும் இடது பக்கம் பாருங்கள். சாலை மேடேறும், அங்கிருந்து குளம் நன்றாகத் தெரியும், சுற்றிலும் சிவப்பாகக் கோடு. தரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தன் கோடு எப்படி இருக்கிறது என்று தெரிவதில்லை. எங்கேயாவது வளைந்திருந்தால் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுங்கள், விசாரணைக்கு இன்னும் அரை மணி இருக்கிறது, சரி செய்துவிடுவேன். நேராக இருந்தால் ஆட்ட வேண்டாம். நான் இங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.